மீதி விழுந்தவர் மணி அடிக்கலாம்

வகுத்தல் பாடம் எடுக்கப் போகும் இளம் ஆசிரியர்கள் முதலில் தங்கள் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும். முப்பத்தேழு என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. நாற்பத்தொன்று, நாற்பத்து மூன்று என்றாலும் குறையில்லை. முப்பத்தாறு என்றால் உங்களை நினைத்து எனக்கு இப்போதே கவலையாக இருக்கிறது. அந்த எண்ணிடம் நான் பட்ட பாடு அப்படி.

நான் வேலைக்குச் சேர்ந்தது புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் ஓர் ஊரில். ஆந்திர மாநிலம் பிறந்து, எல்லையில் இருக்கும் ஊர்களில் எது இந்தப் பக்கம், எது அந்தப் பக்கம் என்று இன்னும் முடிவாகாத காலம். எங்கள் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் தமிழுக்கு ஒரு பிரிவு, தெலுங்குக்கு ஒரு பிரிவு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே நீளக் கூடம். நடுவில் மூங்கில் தட்டி வைத்து மறைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் நான் சொல்லும் கணக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து விடை வரும். அந்தப் பக்கத்துப் பாட்டுக்கு என் பிள்ளைகள் தாளம் போடுவார்கள். கூடத்தில் தூண்கள் ஆறு. கூரையில் ஓடு உடைந்த இடங்கள் நான்கு. மழை பெய்தால் ஒழுகும் இடங்கள் மூன்று. உடைந்த நான்காவது இடம் ஏன் ஒழுகவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தமிழ்ப் பிரிவில் நாங்கள் இரண்டு பேர். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளை எனக்கு மூத்த ஆசிரியர் பார்த்துக்கொண்டார். மூன்று, நான்கு, ஐந்து மூன்றும் என் தலையில்.

பிள்ளைகளுக்குக் கூட்டல் வந்தது, பெருக்கல் வந்தது. வகுத்தலில் மீதி வந்துவிட்டால் மட்டும் பேயைக் கண்ட மாதிரி ஆகிவிடுவார்கள். நாற்பத்தேழு மாங்காயை ஐந்து கூடையில் சமமாகப் போடச் சொன்னேன். நான்காம் வகுப்பில் முனிரத்தினம் என்று ஒரு பையன். ஒன்பது என்று எழுதினான். கீழே இரண்டு நின்றது. இடது பக்கம் பார்த்தான், வலது பக்கம் பார்த்தான், விரலில் எச்சில் தொட்டு அந்த இரண்டை அழித்துவிட்டான்.

"ஏன்டா அழிச்சே?"

"மீதி வந்தா கணக்கு தப்பு சார்."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. பாத்தாலே தெரியுது. நல்ல கணக்கா இருந்தா முழுசா முடியும்."

"அப்ப அந்த ரெண்டு மாங்கா எங்கடா?"

கொஞ்சம் யோசித்தான். "நான் துன்னுட்டேன் சார்."

இவனாவது பரவாயில்லை. மற்றவர்கள் மீதியை அழிக்காமல் வைத்துக்கொண்டு அதோடு நிறுத்திவிடுவார்கள். 'திருப்பதி ஸ்டேஷனில் நாற்பது பேர் இறங்கினார்கள். மலையடிவாரத்துக்குப் போக ஒரு ஜட்கா வண்டியில் ஆறு பேர் ஏறலாம். எத்தனை ஜட்கா வேண்டும்?' என்று கேட்டால், "ஆறு ஜட்கா, மீதி நாலு" என்று கூட்டமாகச் சொல்வார்கள். அந்த நாலு பேர் என்ன ஆனார்கள் என்றால், "மீதி சார்" என்பார்கள், ஏதோ அது ஒரு தொழில் மாதிரி. என் வகுப்பின் கணக்குப்படி அந்த வருடம் திருப்பதி ஸ்டேஷனில் இறங்கி, மலைக்குப் போக வண்டி கிடைக்காமல் நின்றவர்கள் ஏறக்குறைய நூறு பேர். அவர்களில் பாதிப் பேர் மொட்டை போட வேண்டிக்கொண்டு வந்தவர்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் சிலேட்டை வைக்கச் சொல்லிவிட்டு எல்லாரையும் வாசலுக்குக் கூட்டிப் போனேன். வரிசையாக நிற்க வைத்தேன். "நீங்கதான் பிரயாணிகள். அந்த வேப்பமரத்தடிதான் மலையடிவாரம். முன்னாலேர்ந்து ஆறு ஆறு பேரா எண்ணிக்கினு போய் மரத்தடியில ஒக்காருங்க" என்றேன். அப்போது வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். ஆறு வண்டி போனது. வெயிலில் இரண்டு பேர் நின்றார்கள். அந்த இரண்டில் ஒன்று அழ ஆரம்பித்துவிட்டது.

அழுகையை நிறுத்த அவசரத்துக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். "மீதி விழுந்தவங்கதான் இன்னிக்குச் சாப்பாட்டு மணி அடிக்கணும்."

எங்கள் மணி, வேப்பமரத்துக் கிளையில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. இரும்புக் கம்பியால் அடித்தால் அரை மைல் கேட்கும். அதுவரை மூத்த ஆசிரியரைத் தவிர வேறு யாரும் அதைத் தொட்டதில்லை. அழுத பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொண்டு போய் அடித்த அடியில் மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. மரத்தடியில் பத்திரமாக உட்கார்ந்திருந்த முப்பத்தாறு பேரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அந்த முகங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வண்டி கிடைத்தவர்களின் முகங்களா அவை.

அன்றிலிருந்து என் வகுப்பில் மீதி என்பது பரிசாகிவிட்டது. காலையில் கதையைச் சொல்வேன். ஒரு நாள் ஜட்கா, ஒரு நாள் பூமாலை, ஒரு நாள் நூல் கண்டு. எத்தனையால் வகுப்பது என்பதைப் பகலில்தான் சொல்வேன். வரிசையின் வாலில் நிற்க அடிதடி நடக்கும். வாலில் இடம் கிடைக்காதவர்கள் சும்மா இருப்பார்களா? அஞ்சால வகுத்தா எத்தனை பேர் மிஞ்சுவோம், ஏழால வகுத்தா எத்தனை பேர் என்று காலையிலேயே போட்டுப் பார்த்து, வாலிலிருந்து எத்தனையாவது ஆளாக நின்றால் தப்பாது என்று இடம் பிடிப்பார்கள். ஒரு மாதத்தில் என் வகுப்பு வகுத்தலில் எங்கேயோ போய்விட்டது. பேராசையைப் போல ஒரு வாத்தியார் எனக்குக் கிடைத்ததில்லை.

நடுவில், தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மீதிக் கணக்குக்கும் விடை வர ஆரம்பித்தது. "மீதி மூணு" என்று ஒரு பெண் குரல், என் பிள்ளைகளுக்கு முன்னாலேயே. தெலுங்குப் பிரிவில் நான்காம் வகுப்பு மங்கா. தறிக்காரர் மகள். தட்டியில் ஓட்டை போட்டு என் கரும்பலகையைப் பார்த்துப் பார்த்துத் தமிழ் எழுத்து முழுவதையும் கற்றுக்கொண்டிருந்தாள்.

அப்புறம் முப்பத்தாறு வந்தது.

எல்லை எங்கே விழுமோ என்ற பேச்சில், ஒரு குடும்பம் திருத்தணிப் பக்கம் சொந்தக்காரர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டது. அண்ணன் தம்பி இரண்டு பேர் என் வகுப்பை விட்டுப் போனார்கள். முப்பத்தெட்டு முப்பத்தாறாயிற்று. இரண்டால் வகுத்தாலும் மீதி சுழி, மூன்றால் வகுத்தாலும் சுழி, நான்கு, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு எல்லாவற்றுக்கும் சுழி. மணி மறுபடியும் மூத்த ஆசிரியரிடம் போய்விட்டது. நான் ஐந்தாலும் ஏழாலும் வகுத்து ஏதோ சமாளித்தேன். அதிலும் ஒரே ஒரு ஆள்தான் மிஞ்சினான்.

"இந்த எண்ணு வெளங்காது சார்" என்றான் முனிரத்தினம். "இன்னும் ஒரு ஆளைப் புடிச்சினு வாங்க."

அவன் கவலை மணி. என் கவலை வேறு. முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று ஒரு விதி அப்போது எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. வகுத்து வரும் ஈவுதான் கணக்கு. மீதிக்கு ஆள் கிடையாது. மூத்த ஆசிரியரிடம் முப்பத்து மூன்று பேர், என்னிடம் முப்பத்தெட்டு, ஆக எழுபத்தொன்று. இரண்டு ஆசிரியர், மீதி ஒன்று. நிம்மதியாக இருந்தேன். இப்போது அறுபத்தொன்பது. ஓர் ஆசிரியர், மீதி முப்பத்து நான்கு. என் வேலை தற்காலிகம். ஆள் அதிகம் என்று எழுதினால் முதலில் வீட்டுக்குப் போகிறவன் நான். அறுபத்தொன்பது பிள்ளைகளும், கண்பார்வை குறைந்த மூத்த ஆசிரியர் ஒருவரிடமே போய்ச் சேருவார்கள்.

இந்த நிலைமையில்தான், இன்ஸ்பெக்டர் வந்து தலைகளை எண்ணப் போகிறார் என்று தகவல் வந்தது.

அவர் புத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்தார். தெலுங்குக்காரர். தமிழும் நன்றாகப் பேசுவார். கையில் குடை, மடித்த துண்டு, முகத்தில் பல ஊர்ப் புழுதி. முதலில் மூத்த ஆசிரியரின் வகுப்பை எண்ணினார். முப்பத்து மூன்று. பிறகு என் வகுப்புக்கு வந்தார். என் வருகைப் பதிவைப் பார்த்தார். முப்பத்தாறு. பிள்ளைகளை ஒவ்வொருவராக விரல் நீட்டி எண்ணினார். கடைசி வரிசை முடிந்ததும் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"முப்பத்தேழு" என்றார்.

நான் பார்த்தேன். கடைசி வரிசையில் முனிரத்தினத்துக்கும் தூணுக்கும் நடுவில் மங்கா உட்கார்ந்திருந்தாள். தட்டியைத் தூக்கி உள்ளே விட்டிருக்கிறார்கள். பெரிய அதிகாரி வரும் நாளில் வகுப்பு மணி அடிக்காமல் போனால் மானம் போய்விடும் என்று அவர்கள் செய்த ஏற்பாடு. மங்காவுக்கும் வெகு நாளாக அந்த ஆசை.

இன்ஸ்பெக்டர் மனதுக்குள் கூட்டினார். முப்பத்து மூன்றும் முப்பத்தேழும். அவர் உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது.

"எழுபது" என்றார். "சரியா எழுபது. ஒன்னு கூட இல்ல, ஒன்னு குறைச்சலும் இல்ல. ரொம்ப அழகா இருக்குதய்யா உங்க வகுப்பு."

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். உங்களுக்கும் இப்படி ஒரு நிமிடம் வரும். பேசாமல் இருந்தால் எழுபது. வாயைத் திறந்தால் அறுபத்தொன்பது. யோசிக்க நேரம் கிடைக்காது. எனக்கு உதவியது நியாய உணர்ச்சி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில், எண்ணிக்கை தப்பாக இருந்தால் எனக்கு உடம்பு கூசும். அவ்வளவுதான்.

"சார், எழுபது இல்ல. அறுபத்தொன்பது. அந்தப் பொண்ணு தெலுங்குப் பிரிவு" என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "தெரியுமய்யா. இந்தச் சுத்துல நான் எந்த ஊருக்குப் போனாலும் இதேதான். எல்லைக்காகத் தலை எண்ணுறாங்கன்னு தெரிஞ்சதும் பிள்ளைங்களுக்குக் கால் மொளைச்சுடுது. ஒரு ஊர்ல காலையில தமிழ்ல வணக்கம் சொன்ன அதே பையன், மத்தியானம் பக்கத்து ஊர்ல தெலுங்குல நமஸ்காரம் சொல்றான். நான் கேட்டா, ரெட்டைப் பிள்ளை சார்ங்கறாங்க. நீர் எத்தனை பேரைக் கொண்டாந்தீர்?"

"நான் யாரையும் கொண்டாரல சார்."

அவர் மங்காவை எழுப்பினார். "நீ இங்க எதுக்கு வந்தே?"

"மீதி விழறதுக்கு" என்றாள் மங்கா.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் தூணைப் பார்த்தேன்.

"ஏமய்யா, இந்தப் பொண்ணு என்ன சொல்லுது?"

சொல்லி விளங்குகிற விஷயமா அது. "காட்டட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டு எல்லாரையும் வாசலுக்கு அழைத்துப் போனேன். வரிசை ஒரு நொடியில் நின்றது. வாலில் மங்கா, அன்றைக்குச் சண்டை இல்லாமல். இன்ஸ்பெக்டரே எண்ணைச் சொல்லட்டும் என்று விட்டேன். அவர் சந்தேகத்தோடு, "ஒன்பது" என்றார். நான்கு கூட்டம் மரத்தடிக்குப் போனது. வெயிலில் மங்கா மட்டும் நின்றாள். முப்பத்தாறு பேரும் அவளைப் பொறாமையோடு பார்த்தார்கள். அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய்க் கம்பியை எடுத்து ஓங்கினாள். பகல் சாப்பாட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. தெருவில் இரண்டு பேர் தறியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இன்ஸ்பெக்டர் காதிலிருந்து கையை எடுத்தார். அவர் முகத்தில் புழுதி கொஞ்சம் உதிர்ந்த மாதிரி இருந்தது.

"சரி, மணி அடிக்கத் தெரியுது. கணக்கு தெரியுமா?" என்று மரத்தடியில் நின்றபடியே கேட்டார். "முப்பத்தேழு பேரு திருச்சானூர் போகணும். வண்டிக்கு ஆறு பேரு. எத்தனை வண்டி?"

"ஏழு" என்றது வகுப்பு.

"முப்பத்தேழு பூ இருக்கு. மாலைக்கு ஆறு பூ. எத்தனை மாலை?"

"ஆறு."

அவர் புருவம் தூக்கினார். "அதே முப்பத்தேழு, அதே ஆறு. அங்க ஏழுன்னீங்க, இங்க ஆறுன்னீங்க. எது தப்பு?"

நான் பேச வாயெடுத்தேன். முனிரத்தினம் முந்திக்கொண்டான். "ரெண்டும் ரைட்டு சார். ஒத்தப் பூவ வுட்டுட்டுப் போனா பூ அழாது. ஆளை வுட்டுட்டுப் போனா அழும்."

இதை நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்று அவர் நினைத்திருக்கலாம். சத்தியமாக இல்லை. நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம், மிஞ்சியதைப் பார்த்துவிட்டுக் கேள்வியை மறுபடி படி என்பதுதான். சில நேரம் மீதியைப் போட்டுவிட வேண்டும், சில நேரம் ஈவோடு ஒன்று கூட்ட வேண்டும், சில நேரம் மீதியே விடை. எது என்பதை எண் சொல்லாது, கதைதான் சொல்லும். மற்றதை வெயிலில் நின்று பார்த்து அவர்களே தெரிந்துகொண்டார்கள்.

இன்ஸ்பெக்டர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பிச் சன்னமாகச் சொன்னார். "நல்லாத்தான் இருக்குதய்யா. ஆனா எனக்குக் கொடுத்திருக்கற விதி பூ மாதிரி விதி. அறுபத்தொன்பதுக்கு ஒன்னுதான் வரும். முப்பத்து நாலை வுட்டுடணும். நான் சித்தூர் ஆபீசுக்கு வேற மாதிரி எழுதினா, எனக்கு வகுக்கத் தெரியலம்பாங்க."

"புரியுது சார்" என்றேன். புரிந்தது.

அந்த நேரத்தில்தான் தெலுங்குப் பிரிவு டீச்சரம்மா வந்தார். மங்காவின் வகுப்பு ஆசிரியை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். குரல் எங்கள் மணிக்கு அடுத்தபடி.

"ஏமண்டி மாஸ்டாரு" என்று மரத்தடிக்கு வரும் முன்பே ஆரம்பித்தார். "என் வகுப்புல பிள்ளை திருடுற அளவுக்கு வந்துட்டீங்களா? கேட்டா நானே கொடுத்திருப்பேனே. நாள் முழுக்கத் தட்டியில மூஞ்சியை வெச்சிக்கினு இருக்குது. முதுகைப் பாத்தே நான் பாடம் நடத்துறேன். ஓட்டை போட்டுப் போட்டுத் தட்டி சல்லடையாப் போச்சு."

பிறகுதான் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். கை கூப்பினார். குரல் பாதியாகக் குறைந்தது.

"உங்க பிரிவுல எத்தனை பேரம்மா?" என்று கேட்டார் அவர்.

"நூத்தி ஆறு சார். மூணு டீச்சருங்க."

இன்ஸ்பெக்டர் மனதுக்குள் வகுத்தார். நானும் வகுத்தேன். மரத்தடியில் முப்பத்தேழு பேரும் வகுத்தார்கள். முதலில் சொன்னது மங்கா.

"மீதி ஒன்னு."

டீச்சரம்மா சிரித்துவிட்டார். "அந்த ஒன்னு இதுதான் சார். இது இருந்தாலும் எனக்கு மூணு ஆளுதான், போனாலும் மூணு ஆளுதான். இந்தப் பக்கம் வந்தா இவருக்கு எழுபது ஆயிடும். தாராளமா எடுத்துக்கங்க. தட்டியாவது மிஞ்சும்."

நாங்கள் இத்தனை நாள் எங்கள் பக்கத்து மீதியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தோம். தட்டிக்கு அந்தப் பக்கமும் ஒரு மீதி இருக்கும் என்று, எதையும் எண்ணாமல் விடாத எனக்கே தோன்றவில்லை.

இன்ஸ்பெக்டர் மட்டும் அசையவில்லை. "அப்படியெல்லாம் கடன் கொடுத்து வாங்கறதுக்குப் பிள்ளை என்ன அரிசியா? வீட்டுல என்ன பாஷைன்னு பாக்கணும். தகப்பன் சொல்லணும். தமிழ் படிக்கத் தெரியணும்."

தமிழ் படிக்கத் தெரியுமா என்ற கேள்வி முடிவதற்குள் மங்கா கிளம்பிவிட்டாள். கூடத்துக்குள் ஓடிப்போய், என் கரும்பலகையில் இருந்த ஜட்கா கணக்கை முதல் எழுத்திலிருந்து கடைசிக் கேள்விக்குறி வரை அங்கிருந்தே உரக்கப் படித்தாள். படித்து முடித்து விடையையும் சொன்னாள். தகப்பனைக் கூட்டி வர முனிரத்தினம் யாரும் சொல்லாமலே ஓடியிருந்தான்.

அவர் தறியிலிருந்து அப்படியே எழுந்து வந்தார். தலைமுடியில் நூல் பஞ்சு. மகள் என்னவோ செய்துவிட்டாள் என்று பயந்து வந்தவர், இன்ஸ்பெக்டர் கேட்ட கேள்வியைக் கேட்டதும் தெம்பாகிவிட்டார்.

"வீட்டுல என்ன பேசுவீங்க?"

"எங்க வூட்டுல கோவம் வந்தா தெலுங்கு சார். சோறு வந்தா தமிழு."

"விளையாடாதய்யா. இது எல்லை விஷயம்."

"நான் எங்க சார் வெளையாடறேன்? அவ அம்மா காளஹஸ்திப் பக்கம். நான் நகரி. தறியில ஒக்காந்தா என் கையி தமிழு, காலு தெலுங்கு. ரெண்டும் சேந்தாத்தான் சேலை. பொண்ணு எந்தப் பக்கம் ஒக்காந்து படிச்சாலும் எனக்கு ஒன்னுதான். அவளையே கேட்டுக்கங்க. நான் சொன்னா கேக்கற பொண்ணில்ல இது."

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைக் குடைக்குள் மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. "சரிம்மா மங்கா" என்று கூப்பிட்டார். "உன்னைத் தமிழ்ப் பிரிவுல எழுதிக்கறேன். நீ எழுபதாவது ஆளு. எழுபதை முப்பத்தஞ்சால வகுத்தா ரெண்டு வாத்தியாரு. உங்க சார் இங்கேயே இருப்பாரு. சம்மதந்தானே?"

எனக்குக் கண் கலங்கப் பார்த்தது. மங்காவுக்கு உண்மையாகவே கலங்கிவிட்டது. உதடு பிதுங்கியது.

"எழுபதை முப்பத்தஞ்சால வகுத்தா மீதி இல்லயே சார்."

"ஆமா. இல்ல. அதுதானே நல்லது."

"அப்ப நான் மீதி இல்லயா?"

"இல்லம்மா."

"அப்ப எனக்கு வாணாம். நான் நூத்தி ஆறுலயே இருக்கறேன்" என்று டீச்சரம்மாவின் புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

நண்பர்களே, சித்தூர் வரைக்கும் போக வேண்டிய என் உத்தியோகம் அந்த நிமிடம் ஒரு புடவை மடிப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். தகப்பன், "நான் சொன்னேனில்ல சார்" என்றார். மெயின் ரோட்டில், இன்ஸ்பெக்டர் திரும்பிப் போக வேண்டிய புத்தூர் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. தூரத்தில்தான், ஆனால் வந்துகொண்டிருந்தது. என் மனதில் இருந்த எல்லா எண்ணும் பறந்துவிட்டது. இப்படிப்பட்ட நேரத்தில் கெஞ்சக் கூடாது, பிள்ளைகளிடம் கெஞ்சினால் போயிற்று என்பது மட்டும் தெரிந்தது. கணக்கில் வந்த சிக்கலுக்குக் கணக்கிலேயேதான் வழி இருக்க வேண்டும்.

"மங்கா" என்றேன். "எழுபது அவங்க கணக்கு. அது வாத்தியாருங்களை எண்ணறதுக்கு. மணிக்கு நம்ம வகுப்பைத்தான் எண்ணுவோம். நம்ம வகுப்புல நீ எத்தனாவது ஆளு?"

புடவைக்குப் பின்னாலிருந்து ஒரு கண் தெரிந்தது. "முப்பத்தேழாவது."

"முப்பத்தேழை எதால வகுத்தா சுழி வரும்?"

புடவையைப் பிடித்த கை தளர்ந்தது. முனிரத்தினம் தன் சிலேட்டை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இரண்டால் வகுத்தாள், மீதி ஒன்று. மூன்றால் வகுத்தாள், ஒன்று. நான்கு, ஒன்று. ஐந்து, இரண்டு. ஒவ்வொன்றையும் முழுதாக எழுதி, முழுதாகக் கழித்து, சரி பார்த்து, பிறகுதான் அழித்தாள். ஹாரன் இன்னும் பக்கத்தில் கேட்டது.

"பஸ்ஸு வந்துக்கினு இருக்குது கண்ணு" என்றார் தகப்பன்.

"இரு நைனா."

ஆறு, ஒன்று. ஏழு, இரண்டு. எட்டுக்கு ஐந்து வந்தபோது முகம் மலர்ந்தது. ஐந்து பேர் சேர்ந்து அடிக்கலாம் அல்லவா. ஒன்பதுக்கு ஒன்று. இன்ஸ்பெக்டர் குனிந்து அவள் தோளுக்கு மேலே பார்த்தார். டீச்சரம்மாவும் குனிந்தார். வகுப்பு முழுவதும் அவர்களைச் சுற்றிக் குனிந்தது. பத்துக்கு ஏழு. பதினொன்றுக்கு நான்கு. பன்னிரண்டில் கை கொஞ்சம் தயங்கியது. பன்னிரண்டு மூன்று முப்பத்தாறு என்று வாய்க்குள் சொன்னாள். அதே பாழாய்ப்போன முப்பத்தாறு. அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, ஒன்று என்று எழுதினாள்.

"வாய்ப்பாடு முடியற வரைக்கும் போட்டுட்டேன்" என்றாள். "எதுலயும் சுழி வரல."

"அப்ப?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எழுதிக்கங்க சார்."

அவர் எழுதிக்கொண்டார். பஸ் போய்விட்டிருந்தது.